கைக்குழந்தையோடு வீட்டு வேலை: அங்கேயே இருப்பதா, வாடகைக்குப் போவதா?

ரேழிவாசல்:

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் வீதிப் பக்கம் எங்கள் வீடு. மாமனாரின் அப்பா காலத்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி போல நீண்டுகொண்டே போகும். பின்பாதியின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். அதைத் தாங்கும் தேக்கு உத்திரங்கள் சில இடங்களில் உளுத்துவிட்டன. ஐப்பசி மழைக்கு அடுக்களையில் சமைப்பதைவிட ஒழுகும் இடங்களுக்குப் பாத்திரம் வைப்பதே பெரிய வேலையாக இருக்கிறது.

பின்பாதித் தளத்தை இறக்கிவிட்டு கான்கிரீட் போட வேண்டும். அடுக்களையை மாற்றிக் கட்ட வேண்டும். கொல்லையில் இருக்கும் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வீடு முழுவதும் ஒயரிங் புதிதாகச் செய்ய வேண்டும். முன்பாதியில் ஒயரிங் தவிர வேறு எதையும் தொடப்போவதில்லை.

மகளுக்கு 4 வயது. மகன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறான். கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. கணவருக்கு ஷிப்ட் வேலை, பகலில் உறங்க வேண்டிய வாரங்களும் உண்டு. வாடகைக்கு வீடு தேடினோம். சில மாதங்களுக்கு மட்டும் தர ஒருவரும் தயாராக இல்லை. 11 மாத ஒப்பந்தம், அதற்கேற்ற அட்வான்ஸ் என்கிறார்கள். மாமியாரோ, தினம் பெருமாளுக்கு விளக்கேற்றிய வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டேன் என்கிறார். வேலையாட்களை யார் பார்த்துக்கொள்வது என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது.

சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு இப்படி வேலை பார்த்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? "பத்திரமாக இருங்கள்" என்பதை உறவினர்கள் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

காவேரிக்கரை:

இதற்கா அம்மா இவ்வளவு கவலை? எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது நானும் தம்பியும் செங்கல் அடுக்குக்குப் பின்னால்தான் ஒளிந்து விளையாடினோம். மணல் மேட்டில் உருளாமல் வளர்ந்த பிள்ளை உண்டா? முன்பாதி சும்மாதானே இருக்கிறது, அதில் இருந்துகொள்ளுங்கள். மேஸ்திரியை மட்டும் கண்காணியுங்கள். சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்கியவர் திங்கட்கிழமை காலை வருவது பெருமாள் விட்ட வழி.

சாரம்:

காவேரிக்கரை ஐயா உருண்டது ஆற்று மணல். இன்று வாசலில் கொட்டப்படுவது எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்து அரைத்தது, அதன் நுண்தூள் மூச்சோடு நுரையீரல் வரை போகும். போதாததற்கு இரவில் தெருப் பூனைகள் வந்து அதில் தங்கள் காரியத்தை முடித்துவிட்டுப் போகும். குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். குழந்தையை அதில் இறக்க வேண்டாம்.

கட்டட மேற்பார்வைதான் என் தொழில். இருப்பதா, போவதா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் விடை கிடைக்காது சகோதரி. எந்த வேலை நடக்கும்போது இருக்கலாம், எது நடக்கும்போது கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிரித்தால் கூடாத நாட்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே வரும்.

முதலாவது, தளத்தை இறக்கும் நாட்கள். மெட்ராஸ் டெரஸில் உத்திரங்களுக்கு மேலே சிறிய, மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் குறுக்குவாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய கனமான அடுக்கு. அதற்கும் மேலே தட்டோடு. இவ்வளவையும் உடைத்து இறக்கும்போது கிளம்பும் சுண்ணாம்புத் தூசி முற்றம் வழியாக வீடு முழுக்கப் பரவும். உத்திரம் உளுத்திருக்கிறது என்று வேறு சொல்கிறீர்கள். எந்த இடம் எப்போது உட்காரும் என்று இடிப்பவரே அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். அந்த நாட்களில் மாமியார் உட்பட யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்குமே, அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிறகு கரையான் மருந்து அடிக்கும் நாளும் அதையடுத்த ஓரிரு நாட்களும். பழைய பெயிண்டைச் சுரண்டும் நாட்கள். கதவு, ஜன்னல்களுக்கு எனாமலோ பாலிஷோ அடிக்கும் நாட்கள். இவற்றுக்கு வாடகை வீடு வேண்டியதில்லை. அம்மா வீடோ நாத்தனார் வீடோ போதும்.

மற்ற நாட்களுக்கு வீட்டை இரண்டாக்க வேண்டும். தார்ப்பாய் தொங்கவிட்டுவிட்டு "பிரித்தாயிற்று" என்று மேஸ்திரி சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்றடித்தால் அது தூக்கும், நடக்கப் பழகும் குழந்தை அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். ரேழிக்கும் கூடத்துக்கும் இடையில் நிலைக்கதவு இருக்கும். அதைத் தாழிட்டு, இடுக்குகளைப் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டுங்கள். வேலையாட்களும் சாமானும் கொல்லை வழியாக மட்டும் வரட்டும். அங்கே சந்து இருக்கிறதா?

இன்னொன்று. முன்பாதி ஒயரிங்கைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பின்பாதி முடிந்து நீங்கள் அங்கே குடிபோன பிறகு முன்பாதியில் ஒயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டட்டும். எலெக்ட்ரீஷியன் வரும்போதே வீடு முழுக்க வெட்டிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். அவருக்குக் கூலி மிச்சம். உங்களுக்குக் குழந்தையைப் படுக்கவைக்க ஓர் அறைகூட இருக்காது.

மஞ்சள்பை:

சாரம் அண்ணா சொன்ன வரிசை அப்படியே சரி. கோவையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அடுக்களையையும் குளியலறையையும் உடைத்துக் கட்டியபோது இரட்டைக் குழந்தைகளோடு உள்ளேயே இருந்தோம். தூசியைக்கூடத் துடைத்துவிடலாம். அடுக்களை இல்லாத வீட்டில் இரண்டு வேளைப் பாலும் மூன்று வேளைச் சோறும் தயாராக வேண்டும் என்பதுதான் ஆளை அசத்திவிடும்.

ரேழியில் தற்காலிக அடுக்களை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். எரிவாயு சிலிண்டர் என்றால் நிமிர்த்தி வைத்து, அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கட்டும். இடமில்லை என்று அடுப்பைத் தரையில் வைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத்தான் பரவும், அங்கேதான் உங்கள் மகன் இருப்பான். இண்டக்ஷன் அடுப்பு வைத்தால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டும். 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். டிவி, மின்விசிறிக்கு உள்ள 6 ஆம்பியர் பாயின்டில் செருகினால் பழைய ஒயர் சூடேறும். உங்கள் முன்பாதி ஒயரிங் எந்தக் காலத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வேலையாட்கள் காலை 9 மணிக்கு வருவதற்குள் அன்றைய சமையலை முடித்துவிட்டால் நிம்மதி. இடிக்கும் சத்தம் தொடங்கிய பிறகு குக்கர் விசில் எத்தனை வந்தது என்று எண்ண முடியாது.

அப்புறம், ஒரு டிரங்குப் பெட்டி. தடுப்பூசி அட்டை, காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், மகளின் சீருடை, பள்ளி அடையாள அட்டை, நகவெட்டி, குடும்ப அட்டை, மின்கட்டண அட்டை எல்லாம் அதற்குள். அந்தப் பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது. வீடு ஒதுக்கும்போது "பத்திரமாக இருக்கட்டும்" என்று மாமியார் எடுத்துவைக்கும் பொருள் வீடு முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

ரேழிவாசல்:

கொல்லைப்பக்கம் சந்து இருக்கிறது, ஆனால் கைவண்டிதான் நுழையும். டிராக்டர் தெருமுனையில் நின்றுவிடும். மார்கழிக்குள் இடிபாட்டை அள்ளி முடித்தாக வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் தொடங்கிவிட்டால் இங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடு.

பெயிண்ட் பற்றி ஒரு கேள்வி. ஜன்னல் கம்பிகளிலும் கதவுகளிலும் பச்சை எனாமல், அடுக்கடுக்காக. மாமனார் சிறுவயதிலிருந்தே பார்த்த பச்சை என்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மேலே புதிது அடிக்கலாம் என்கிறார் பெயிண்டர். மகன் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, பல் முளைக்கும் தினவில் அதையே கடிக்கிறான். பரவாயில்லையா?

பாலாடை:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. நான் குழந்தைகள் மருத்துவம் பார்ப்பவள், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

பழைய எனாமல் பெயிண்டுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. மஞ்சள், பச்சை, ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறங்களில் கூடுதல். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்த எனாமலையும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு கையாளுங்கள். சுவரில் அடித்த வெறும் சுண்ணாம்பைப் பற்றி இந்த வகையில் அவ்வளவு பயம் வேண்டாம்.

விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்றுக்கொள்வதைப்போல நான்கு, ஐந்து மடங்கு வரை சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. பாதிப்பு மூளை வளர்ச்சியில். உடனே காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்காது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதையும் மருத்துவம் கண்டறியவில்லை.

உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் அத்தனையும் தூளாகி வீடெங்கும் படியும். நெருப்பு காட்டி உரிப்பது அதைவிட மோசம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டி அப்புறப்படுத்த வேண்டும். விளக்குமாறு வேண்டாம், ஈரத்துணி. கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் வைத்துச் செய்ய முடிந்தால் மிக நல்லது. பெயிண்டர் முகக்கவசம் அணியட்டும், அவர் வீட்டிலும் குழந்தை இருக்கும். சுரண்டும் உத்தேசமே இல்லை, பெயிண்டும் உரியாமல் உறுதியாக இருக்கிறது என்றால், மேலே புதிய பெயிண்ட் அடித்து மூடுவதும் ஒரு வழிதான். ஆனால் கடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில், அவன் வாய் எட்டும் கம்பிகளையாவது சுரண்டி எடுத்துவிடுவதே என் விருப்பம். அதுவரை அந்த ஜன்னலுக்கு முன்னால் கட்டிலைப் போட்டு மறித்துவிடுங்கள். உங்கள் குழந்தைகள் மருத்துவரிடம் சொன்னால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்.

காவேரிக்கரை:

டாக்டர் அம்மா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஈயச்சொம்பில்தான் ரசம். ஒருவருக்கும் மூளை மழுங்கவில்லை. (என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

பாலாடை:

ஐயா, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் இருந்தது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். நல்ல சொம்பாக இருந்தால் ரசத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கலப்படச் சொம்பில் காரீயம் சேர்ந்திருக்கலாம், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

செங்கல்சூளை:

இழையை முதலிலிருந்து படித்துவிட்டேன். எல்லோரும் வீட்டுக்காரர் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தவறில்லை, கேள்வி அதுதான். ஆனால் வேலை தொடங்கினால் அந்த வீட்டில் இன்னும் ஒரு குழந்தையாவது இருக்கும். சித்தாளின் குழந்தை.

என் அம்மா சித்தாள். பள்ளி இல்லாத நாட்களில் என்னையும் தங்கையையும் வேலைக்கு அழைத்துப்போவார். தங்கையைச் சாரக் கம்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு பாண்டு சுமப்பார். நான் தூளியை ஆட்ட வேண்டும். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடங்களில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை ஒதுக்க வேண்டும் என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒரு வீட்டு வேலைக்கு வருவது ஒரு சித்தாள், மிஞ்சினால் இரண்டு பேர். எந்தச் சட்டமும் அவர்களை எட்டிப் பார்ப்பதில்லை.

ரேழிவாசல் அக்கா, உங்கள் வீட்டில் திண்ணை இருக்கிறது. முன்பாதியில் வேலை கிடையாது. சித்தாள் பிள்ளையோடு வந்தால் அந்தத் திண்ணையில் ஒரு பாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் வையுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கூடாத தூசி அந்தப் பிள்ளைக்கும் கூடாது.

நாலுகட்டு:

உணர்ச்சிகரமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. நாளை அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்காரர்தான் காவல் நிலையம் அலைய வேண்டும். குழந்தையை அழைத்துவரக் கூடாது என்று மேஸ்திரியிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

செங்கல்சூளை:

சொல்லுங்கள். மேஸ்திரி அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு வேறு ஆளை அழைத்துவருவார். அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலி போகும். பிள்ளை வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும். உங்கள் வீட்டில் மட்டும் ஒன்றும் ஆகாது.

சாரம்:

இரண்டு பேரும் சொல்வதில் நான் பார்த்த வரையில் செங்கல்சூளை சொல்வதுதான் வேலைக்கும் நல்லது. பிள்ளை எங்கே இருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏணியில் ஏறும் சித்தாளுக்குத்தான் கால் தவறும். திண்ணையில் பிள்ளை இருப்பது தெரிந்தால் அவர் நிதானமாக வேலை பார்ப்பார்.

ரேழிவாசல்:

பல நாட்களாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. வேலை தொடங்கிவிட்டது. தளம் இறக்கிய வாரம் குழந்தைகளோடு லால்குடியில் அம்மா வீட்டில் இருந்தேன். மாமியார் ஊருக்கு வர மறுத்துவிட்டார். ஆனால் வீட்டுக்குள்ளும் இல்லை. பெருமாளை எதிர்வீட்டு மாமியின் பூஜை அறைக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, அந்த வீட்டுத் திண்ணையில் குடையோடு உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு கைவண்டியையும் எண்ணியிருக்கிறார். இடிபாட்டு வண்டிக் கணக்கில் ஒப்பந்ததாரரின் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஒப்பந்ததாரர்தான் இறங்கி வந்தார்.

நாங்கள் திரும்பிய பிறகு பார்த்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். கல் வெட்டும் மெஷினின் ஒயரில் பிளக்கே இல்லை. முனையைச் சீவி, செம்புக் கம்பியை முறுக்கி, பிளக் பாயின்டின் துளைகளில் நேராகச் செருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சியை முறித்துச் சொருகியிருந்தார்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரம். கேட்டதற்கு, "எல்லா வீட்டிலும் இப்படித்தான் அம்மா" என்றார்கள். அடுத்தது சம்ப். கலவைக்குத் தண்ணீர் எடுக்கக் குழாயை உள்ளே விட்டிருந்தார்கள். இரும்பு மூடி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. மகன் வந்ததும் வராததுமாக நேராக அங்கேதான் நடந்தான். சித்தாள் கையிலிருந்த பாண்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாள்.

அவளுக்கும் ஒரு பையன் இருக்கிறான், என் மகளைவிட ஒரு வயது பெரியவன். திண்ணையில் இருவரும் ஒரே ஸ்லேட்டில் எழுதுகிறார்கள். மகள் முழுக் கொத்தனார் ஆகிவிட்டாள். தயிர்சாதத்தைத் தட்டில் கரண்டியின் முதுகால் தேய்த்து மட்டமாக்கி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இந்த மூலை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும்" என்கிறாள். சாப்பாடு உள்ளே போக ஒரு மணி நேரம்.

மகனுக்கு வேறு பிரச்சினை. அவனுடைய தூளி கூடத்து உத்திர வளையத்தில்தான் தொங்கியது. உத்திரம் போய்விட்டது. கட்டிலில் போட்டால் நள்ளிரவு வரை அழுகை. மகளும், எப்போதோ நிறுத்திய படுக்கை நனைத்தலை மறுபடி தொடங்கியிருக்கிறாள்.

சாரம்:

தீக்குச்சி விஷயம் உண்மையிலேயே எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மெயினுக்குப் பக்கத்தில் தற்காலிகப் பலகை ஒன்று போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, சரியான எர்த், ஆள் உயரத்தில் மூன்று துளைப் பிளக் பாயின்ட். மெஷின்களுக்கு நீங்களே பிளக் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஐஸ்கிரீம் செலவு. பிளக் இல்லாத மெஷின் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரே பேச்சு.

சம்ப் மூடியை மூடச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போவீர்கள், வேலை நடக்கும்போது அது திறந்துதான் இருக்கும். மூடிக்குக் கீழே வாயளவுக்கு ஒரு கம்பிக் கிராதி செய்து பூட்டுப் போடுங்கள். குழாய் கம்பிகளுக்கு நடுவே இறங்கும், குழந்தை இறங்காது. ஜன்னல் கம்பி செய்யும் வெல்டரே அரை நாளில் செய்துகொடுப்பார். வாளி, டிரம் எல்லாவற்றையும் மாலையில் கவிழ்த்துவைக்கச் சொல்லுங்கள். நடக்கப் பழகும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் வாளியின் அடியில் கிடக்கும் கொஞ்சம் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது.

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் கறை எடுக்க ஆசிட் வாங்கிவருவார்கள். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். தின்னரும் அப்படித்தான். மாலையில் ஆட்கள் கிளம்பியதும் கையில் ஒரு பையோடு ஒரு சுற்றுப் போய்வாருங்கள்.

பாலாடை:

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆசிட்டையோ தின்னரையோ குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. ஏறி வரும்போது மறுபடி சுடும், மூச்சுக்குழாயிலும் இறங்கும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை, 108. ஈரச் சிமென்ட் தோலில் பட்டால் அதுவும் சுடும், ஆனால் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பட்ட துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். மகனுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி பூஸ்டரை ஆணிகள் சிதறிக் கிடக்கும் இந்தக் காலத்தில் தள்ளிப்போட வேண்டாம்.

படுக்கை நனைப்பதற்கு மருந்து தேவையில்லை, திட்டவும் வேண்டாம். பாதி வீட்டைக் கண்ணெதிரே உடைத்தால் பெரியவர்களுக்கே தூக்கம் வருவதில்லை. பெரும்பாலும் வீடு அடங்கியதும் தானாக நின்றுவிடும்.

வேப்பம்பூ:

கான்கிரீட் போட்ட பிறகு தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவார்கள். இப்போது பெரும்பாலும் பிபிசி எனப்படும் சாம்பல் கலந்த சிமென்ட்தான், அதற்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆவதற்கும் ஏறக்குறைய ஒரு வாரம், 10 நாள்தான். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தி ஓரத்தைத் துடைப்பத்தால் தேய்த்துவிட்டு, மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். வெறுமனே வடித்தால் போதாது, ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும். சுவர்ப் பூச்சுக்கும் தூண்களுக்கும் ஈரச் சாக்கு போதும். அது பகலில் கடிக்கும் கொசு என்பதால் மகன் பகலில் தூங்கும் இடத்துக்கும் வலை வேண்டும்.

மஞ்சள்பை:

தூளிக்கு இரும்புச் சட்டம் வைத்த ஸ்டாண்ட் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் புதுத் துணி போடாதீர்கள், உத்திரத்தில் தொங்கிய அதே பழைய புடவையைத் துவைக்காமல் போடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசனை மாறினால் தூக்கம் போய்விடும். ஸ்டாண்டை ஆட்டும்போது கால்கள் நகராமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு உடைந்த வீட்டைப் பகலில் ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினீர்களா? ஆட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, செருப்புப் போட்டுக்கொண்டு, இது உன் குளியலறை, இது ஜன்னல் வரும் இடம் என்று. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் சத்தத்தை மட்டும் கேட்டால் பிள்ளைகள் எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள்.

சாரம்:

ஞாயிற்றுக்கிழமை காட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த பிறகு. முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புகள் நிற்கும் வரை தளத்துக்கு அடியில் குழந்தைகளை விடாதீர்கள். கண்ணாமூச்சி ஆட அதைவிட நல்ல இடம் இல்லை என்று அவர்களுக்குத் தோன்றும்.

காவேரிக்கரை:

உளுக்காத உத்திரங்களை என்ன செய்தீர்கள் அம்மா? பழைய பர்மா தேக்காக இருந்தால் நல்ல விலை போகும். ஒப்பந்ததாரர் "இதெல்லாம் விறகுக்குத்தான் ஆகும்" என்று சொல்லியிருப்பாரே?

ரேழிவாசல்:

அப்படியே சொன்னார் ஐயா. மாமியார் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்தே ஒவ்வொரு உத்திரத்துக்கும் சாக்பீஸால் எண் போட வைத்துவிட்டார். இரண்டை ஊஞ்சலுக்கு ஒதுக்கிவிட்டு மீதியை விற்றாயிற்று. ஆர்சிசிபி பலகையும் கம்பிக் கிராதியும் அந்தப் பணத்தில்தான் வந்தன. தூளி ஸ்டாண்டில் மகன் தூங்குகிறான், மகள் இன்னும் நனைக்கிறாள்.

இப்போது பின்பாதிச் சுவர்களில் ஒயரிங் குழாய் பதித்து முடிந்தது. பூச்சு நாளைக்குத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

சாரம்:

இருக்கிறது, இன்று மாலையே செய்யுங்கள். அளவு நாடாவைத் தரையிலிருந்து மேலே விரித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவையுங்கள். ஒரு படம் நேராக, ஒரு படம் மூலையிலிருந்து. தண்ணீர்க் குழாய் போகும் சுவர்களையும் விட வேண்டாம். நாளை அலமாரியையும் டிவியையும் சுவரோடு திருகி இறுக்கப் போகிறீர்கள். ஏறக் கற்றுக்கொள்ளும் குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்யாமல் விடக் கூடாது. துளை போடும்போது உள்ளே ஒயர் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். தாழ்வாக வரும் பிளக் பாயின்டுகளுக்கு, துளையை உள்ளிருந்து மூடும் ஷட்டர் வைத்தவற்றையே வாங்கச் சொல்லுங்கள். பெட்டி ஏற்கெனவே பதித்தாகிவிட்டது என்றாலும் பாதகமில்லை, மேலே மாட்டுவதை மாற்றிக்கொள்ளலாம்.

ரேழிவாசல்:

அடுக்களைச் சுவரில் மேஜைக்கு மேலே வரும் பாயின்டுகளுக்கும் ஷட்டர் வேண்டுமா, தாழ்வானவற்றுக்கு மட்டும் போதுமா? கடைக்காரர் விலை வித்தியாசம் சொல்கிறார்.

சாரம்:

எல்லாவற்றுக்கும் வாங்குங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏற அவனுக்கு இன்னும் அதிக காலம் ஆகாது.